டிஜிட்டல் ஸ்கிராப்புக்: படங்கள் ஏன் வரிசையில் நிற்பதில்லை? (கேள்வி – பதில்)

கேள்வி: டிஜிட்டல் ஸ்கிராப்புக்கின் (கணினியில் படங்களையும் அலங்காரங்களையும் அடுக்கிச் செய்யும் நினைவேட்டின்) 12 அங்குலச் சதுரப் பக்கத்தில் மூன்று படங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, ஃபோட்டோஷாப்பில் படங்களை ஒரே கோட்டில் நிறுத்தும் அலைன் பட்டனை அழுத்தினேன். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. என்ன தவறு?

பதில்: நீங்கள் அழுத்தியது கிடைமட்ட மையத்துக்கான பட்டன். அது மூன்று படங்களின் மையத்தையும் ஒரே செங்குத்துக் கோட்டுக்கு இழுத்துவிடும். வரிசைக்கு வேண்டியது மேல்விளிம்பு பட்டன்தான். இடைவெளியைச் சமமாக்குவதோ அலைன் வேலையே இல்லை, டிஸ்ட்ரிப்யூட் வேலை.

முதலில் கணக்கைப் போட்டுவிடுங்கள். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் பக்கத்தின் அகலம் 3600. இரு ஓரத்திலும் அரை அங்குலம், அதாவது 150 பிக்சல் வீதம் விடுங்கள். படங்களுக்கு நடுவே கால் அங்குலம், 75 பிக்சல். இவை போக மிச்சம் 3150. ஒரு படத்துக்கு 1050. மூன்றையும் 1050 பிக்சல் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

முதல் படத்தின் இடது விளிம்பு 150-இலும், மூன்றாவதன் இடது விளிம்பு 2400-இலும் இருக்க வேண்டும். கன்ட்ரோல் + டி (T) அழுத்தி, மேலே வரும் எக்ஸ் (X) பெட்டியில் எண்ணை அடிக்கும் முன், ஆதாரப் புள்ளி (அந்த எண் படத்தின் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று காட்டும் புள்ளி) இடது மேல் மூலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது நடுவில் இருந்தால் படத்தின் மையம் 150-க்குப் போய், பாதிப் படம் பக்கத்துக்கு வெளியே நிற்கும். நடுப்படத்தை இடையில் எங்கே வேண்டுமானாலும் போடலாம். பிறகு லேயர் (ஒவ்வொரு படமும் தனியே இருக்கும் அடுக்கு) பேனலில் கன்ட்ரோலைப் பிடித்தபடி மூன்றையும் தேர்ந்தெடுத்து, மூவ் டூலுக்கு வந்து மேல்விளிம்பு அலைன், அடுத்து கிடைமட்ட டிஸ்ட்ரிப்யூட். டிஸ்ட்ரிப்யூட் ஓரத்துப் படங்களை நகர்த்தாது. நடுவில் இருப்பதைத்தான் நகர்த்தும். அதனால்தான் ஓரங்களை முதலில் சரி செய்யச் சொல்கிறோம்.

படங்களின் அகலம் வேறுவேறாக இருந்தால் மைய டிஸ்ட்ரிப்யூட் ஏமாற்றிவிடும்: மையங்கள் சம தூரத்தில் இருக்கும், இடைவெளிகள் இருக்காது. புதிய பதிப்புகளில் உள்ள டிஸ்ட்ரிப்யூட் ஸ்பேசிங் இதற்கென்றே வந்தது.

கேள்வி: ஒரே ஒரு படத்தைப் பக்கத்தின் நட்ட நடுவில் வைக்க வேண்டும். அலைன் பட்டன்கள் மங்கிக் கிடக்கின்றன.

பதில்: எதனோடு ஒட்டுவது என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. கன்ட்ரோல் + ஏ அழுத்திப் பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுங்கள், பட்டன்கள் உயிர்பெறும். இரண்டு மைய பட்டன்களையும் அழுத்திவிட்டு, கன்ட்ரோல் + டி-யில் (இது D, முன்பு சொன்ன T அல்ல) தேர்வை நீக்குங்கள்.

கேள்வி: கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் பூ அலங்காரத்தைப் பக்க விளிம்போடு ஒட்டினேன். சற்றுத் தள்ளியே நிற்கிறது.

பதில்: கிம்ப் 2.10 பார்ப்பது பூவை அல்ல, லேயரின் எல்லையை. விலைக்கோ இலவசமாகவோ கிடைக்கும் பிஎன்ஜி (பின்னணி வெறுமையாக இருக்கக்கூடிய படக்கோப்பு) அலங்காரங்களைச் சுற்றி வெற்று ஓரம் இருப்பது வழக்கம். லேயர் மெனுவில் கிராப் டு கன்டென்ட் கொடுத்தால் எல்லை பூவோடு ஒட்டிச் சுருங்கும். பிறகு அலைன் செய்யுங்கள்.

நிழல் சேர்த்தே வரும் படச்சட்டங்களில் (ஃபிரேம்களில்) இதுவும் போதாது, நிழலும் படத்தின் பகுதியாகிவிடுகிறதே! வலப்பக்கம் 30 பிக்சல் நிழல் உள்ள சட்டத்தையும் நிழல் இல்லாததையும் வலது விளிம்பில் ஒட்டிப் பாருங்கள். நிழல் சட்டத்தின் காகித ஓரம் அச்சில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் உள்ளே நிற்கும். கண் அதை உடனே பிடித்துவிடும். நிழல் இல்லாத அலங்காரங்களை வாங்கி, ஒட்டி முடித்தபின் நீங்களே நிழல் போடுவதே நல்லது. ஃபோட்டோஷாப்பில் லேயர் ஸ்டைலாக (படத்தை மாற்றாமல் லேயர்மீது சேர்க்கும் விளைவாக) போட்ட நிழல் அலைன் கணக்கில் வராது.

கேள்வி: தலைப்பில் ‘குட்டி’, ‘பாப்பா’ இரண்டையும் தனித்தனி நிறத்தில் இரு லேயர்களாக வைத்து அடிவிளிம்பை ஒட்டினேன். ‘குட்டி’ மேலே ஏறிவிட்டது.

பதில்: தமிழ் எழுத்துக்கு இது அடிக்கடி நேரும். ‘கு’வின் சுழி வரிக்குக் கீழே இறங்குகிறது, ‘பாப்பா’வில் எதுவும் இறங்குவதில்லை. சுழியின் அடியை ‘பா’வின் அடியோடு ஒட்டியதால் முழுச் சொல்லும் மேலே போனது. பக்க ஓரத்து அளவுகோலான ரூலரிலிருந்து ஒரு கைடு (வழிகாட்டிக்) கோட்டை இழுத்து ‘பா’வின் அடியில் வைத்து, ‘ட்டி’யின் தட்டையான அடி அந்தக் கோட்டில் உட்காரும்வரை அம்புக்குறி விசையால் இறக்குங்கள். இரண்டையும் ஒரே டெக்ஸ்ட் லேயரில் அடித்து எழுத்துக்கு மட்டும் நிறம் மாற்றினால் இந்தத் தொல்லையே இல்லை. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் எழுத்தின் அடிக்கோட்டை ஒட்டுவதற்கென்றே பட்டன் உண்டு.

கேள்வி: படங்களைச் சற்றுச் சாய்த்து வைத்தால்?

பதில்: 1050 பிக்சல் சதுரத்தை 5 டிகிரி சாய்த்தால் அதைச் சுற்றிய பெட்டி சுமார் 1138 ஆகிவிடும். விளிம்பு அலைன் அந்தப் பெட்டியைத்தான் ஒட்டும். நேராக இருக்கும்போதே வரிசைப்படுத்திவிட்டு, ஒவ்வொன்றாகச் சாயுங்கள். மூன்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துச் சாய்த்தால் வரிசை முழுவதும் ஒரே பலகை போலச் சாயும்.