வெளிக்கூட்டைப் பாருங்கள்: தனிம அட்டவணை கேள்வி பதில்

கேள்வி: எலக்ட்ரான் அமைப்பை வைத்து ஒரு தனிமத்தின் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சோடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அணு எண் 11, அமைப்பு 2, 8, 1. அதாவது அணுக்கருவைச் சுற்றியுள்ள கூடுகளில் உள்ளிருந்து வெளியே வரிசையாக இத்தனை எலக்ட்ரான்கள். மூன்று கூடுகள் இருப்பதால் மூன்றாம் தொடர் (கிடை வரிசை). வெளிக்கூட்டில் ஒன்றே ஒன்று இருப்பதால் முதல் தொகுதி (செங்குத்து வரிசை). குளோரின் 2, 8, 7. தொடர் அதேதான், தொகுதி 17. வெளிக்கூட்டில் 3 முதல் 8 வரை இருந்தால் அதோடு 10 கூட்டினால் தொகுதி எண் வந்துவிடும்.

கேள்வி: குளோரினின் வெளிக்கூட்டில் 7 இருக்கும்போது இணைதிறன் (சேரும்போது கொடுக்கும், வாங்கும் அல்லது பகிரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை) 1 என்கிறார்களே?

பதில்: எட்டை நிரப்ப இன்னும் ஒன்று போதும். சோடியம் ஒன்றைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது, உப்பு உருவாகிறது. ஆனால் ஆக்சிஜனோடு சேரும்போது குளோரின் 7 வரைகூடக் காட்டும்.

கேள்வி: சார், மூன்றாம் கூட்டில் 18 பேருக்கு இடம் உண்டு. அப்புறம் ஏன் பொட்டாசியம் 2, 8, 9 ஆக இல்லை? மகளுக்குச் சொல்லித்தர முடியாமல் திணறுகிறேன்.

பதில்: அருமையான கேள்வி. மனப்பாடம் செய்பவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் துணைக்கூடுகள் உண்டு. மூன்றாவதில் 3எஸ் 2, 3பி 6, 3டி 10. ஆர்கானோடு முதல் இரண்டும் நிரம்பிவிடுகின்றன. நான்காம் கூட்டின் 4எஸ் எலக்ட்ரான் அணுக்கருவுக்கு மிக அருகிலும் ஊடுருவி வரக்கூடியது. அதனால் பொட்டாசியத்தில் 3டி-யைவிட அதற்கு ஆற்றல் குறைவு. 19ஆவது எலக்ட்ரான் அங்கே போகிறது, அமைப்பு 2, 8, 8, 1 ஆகிறது.

இதற்குச் சான்றும் உண்டு. பொட்டாசியத்தின் முதல் எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்குச் சுமார் 419 கிலோஜூல் போதும். இரண்டாவதற்குச் சுமார் 3,050 வேண்டும். வெளியே தனியாக இருப்பது ஒன்றுதான் என்று இந்த எண்களே மகளுக்குச் சொல்லிவிடும். 3டி நிரம்பத் தொடங்குவது ஸ்காண்டியத்தில். துத்தநாகம் வரை பத்துத் தனிமங்கள். அட்டவணையின் நடுவே பத்துத் தொகுதிகள் வந்தது அப்படித்தான்.

கேள்வி: இரும்புக்கு ஏன் 2, 3 என இரண்டு இணைதிறன்?

பதில்: அமைப்பு 2, 8, 14, 2. முதலில் 4எஸ்-இன் இரண்டும் போகும். 3டி-யிலிருந்து இன்னொன்றும் போனால் 3.

கேள்வி: ஹீலியத்துக்கு வெளிக்கூட்டில் 2 தானே? ஏன் இரண்டாம் தொகுதியில் இல்லை?

பதில்: முதல் கூட்டின் கொள்ளளவே 2. அது நிரம்பிவிட்டதால் ஹீலியம் நியானைப் போல நடந்துகொள்கிறது. மெக்னீசியத்தின் இரண்டோ எளிதில் வெளியேறிவிடும்.

கேள்வி: அணு நிறைப்படி அடுக்கினால் என்ன?

பதில்: ஆர்கான் 39.95, பொட்டாசியம் 39.10. நிறைப்படி அடுக்கினால் பொட்டாசியம் மந்த வாயுக்களோடு போய்ச் சேரும்! 1913இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி தனிமங்களின் எக்ஸ் கதிர்களை அளந்து, வரிசையைத் தீர்மானிப்பது அணு எண்தான் என்று காட்டினார். ஆர்கான் 18, பொட்டாசியம் 19.