போயிட்டு வரேன்

மேடம்,

நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முதலாமாண்டு படிக்கிறேன். வியாழன், வெள்ளி ஃபீல்ட் ஒர்க். ஒரு முதியோர் இல்லத்தில் போட்டிருக்கிறார்கள். நன்கொடை ரசீது எழுதுவது, பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிறவர்களைப் போட்டோ எடுப்பது, எக்செல்லில் பெயர் ஏற்றுவது, இவைதான் என் வேலை. பஸ் காசுகூடத் தருவதில்லை. ஒரு கிளையண்ட் மட்டும் நான் வரும் நாளில் காலையிலிருந்தே வாசலில் உட்கார்ந்துவிடுகிறார். சங்கடமாக இருக்கிறது. எப்படியும் ஏப்ரலில் முடிந்துவிடும். இது சுரண்டல்தானே? ஏஜென்சியை, அதாவது பயிற்சி இடத்தை, மாற்றித் தரச் சொல்லலாமா? கேஸ் ஒர்க் (தனிநபரோடு பழகி உதவும் முறை) பற்றி என்னென்ன புத்தகங்கள் படிக்கலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள பெண்ணுக்கு,

என் மகளைவிடச் சின்னவள் என்பதால் நீ என்றே எழுதுகிறேன். கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

சுரண்டலா? ஓரளவுக்கு ஆமாம். ரசீது எழுத அவர்களே ஆள் வைத்துக்கொள்ளட்டும். துறையில் சொல். பஸ் காசைக் கூச்சப்படாமல் கேள். ஆனால் அந்த எக்செல்லை அலட்சியமாக நினைக்காதே. அதில் யாருக்கெல்லாம் முதியோர் பென்ஷன் வருகிறது? மாதாமாதம் அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? கைவிட்ட பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க 2007இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியரிடம்) மனு கொடுக்கலாம் என்பது அங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? வேலையே தரவில்லை என்று நாலு பக்கம் எழுதியவள் இதைக் கேட்டிருக்கலாம்.

சரி, அதை விடு. நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த வாசல் பாட்டிக்காக. உன் முழுக் கடிதத்தில் இல்லத்துச் செயலாளரின் பெயர் மூன்று இடத்தில் வருகிறது. பாட்டி ‘ஒரு கிளையண்ட்’. ரகசியம் காக்கிறேன் என்று சொல்லாதே, அதற்கு ஒரு மாற்றுப் பெயர் போதும்.

1994இல் நானும் இதே வியாழன், வெள்ளிக்காரிதான். ஒரு மனநல மருத்துவமனையில் பெண்கள் வார்டு. வருஷக்கணக்காக வீட்டிலிருந்து யாருமே வராதவர்கள் இருந்த வார்டு. அதில் ஒரு அம்மா என்னிடம் அதிகம் பேசமாட்டார். டீயோடு கொடுக்கும் பிஸ்கட்டில் ஒன்றை எனக்கென்று எடுத்து, கிழித்த நோட்டுத்தாளில் மடித்து வைத்திருப்பார். வியாழக்கிழமை போனதும் கையில் திணிப்பார். நமுத்துப்போயிருக்கும். அவர் எதிரிலேயே தின்னவேண்டும்.

கடைசி வெள்ளிக்கிழமை வழக்கம்போல “போயிட்டு வரேம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து வருகைத்தாளில் கையெழுத்து வாங்கப் போனேன். வார்டுப் பக்கம் போகாமல் நழுவிவிடத்தான் பார்த்தேன். ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டது. மூன்று பொட்டலம். எறும்பு மொய்த்திருந்தது. அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? “அடுத்த வாரம் வரேம்மா” என்றேன். பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்த ஆயா கேட்டார்: “ஏம்மா, வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போனாத்தான் என்ன? அது நாள் எண்ணிக்கிட்டு இல்ல கெடக்கு!”

டெர்மினேஷன் என்று, கிளையண்டோடு உள்ள உறவை முறையாக முடிப்பது பற்றிப் பாடத்தில் ஒரு பகுதி இருக்கிறதே, அதில் எனக்குப் பதினான்கு மதிப்பெண். கேஸ் ஒர்க் உறவுக்கு பீஸ்டெக் சொன்ன 7 கோட்பாடுகளையும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ‘கட்டுப்படுத்தப்பட்ட உணர்வு ஈடுபாடு’ என்பதை, ஒட்டாமல் இருந்துகொள் என்று வசதியாகப் புரிந்துவைத்திருந்தேன். நம் வழக்கம் வேறு இதற்குத் துணை. போகிறேன் என்று சொல்வது அபசகுனம், போயிட்டு வரேன் என்றுதான் சொல்லவேண்டும். வீட்டில் அது மரியாதை. திரும்பி வராத ஒருத்தி வார்டில் நின்று சொன்னால் பச்சைப் பொய்.

இந்தியாவில் இந்தப் படிப்பு 1936இல் பம்பாயில் ஆரம்பித்தது, சென்னைக்கு 1952இல் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பேட்சாக நாம் உள்ளே போகிறோம், பழகுகிறோம், மார்க் வாங்கிக்கொண்டு கிளம்புகிறோம். உள்ளே இருக்கிறவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், அடுத்த ஜூலையில் இன்னொரு பெண் நோட்டோடு வந்து முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிப்பாள். அவர்களிடம் போய் ‘ராப்போ’ (நம்பிக்கையான நெருக்கம்) உண்டாக்கினேன் என்று ரிப்போர்ட்டில் பெருமையாக எழுதுகிறோம். உண்டாக்கியதை என்ன செய்தாய் என்று எந்த மேற்பார்வையாளரும் என்னைக் கேட்டதில்லை.

ஏஜென்சியை மாற்றாதே. இந்த வியாழக்கிழமையே பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, ஏப்ரல் வரைதான் வருவேன் என்று சொல். தினசரிக் காலண்டரில் கடைசி நாளை மடித்துக் காட்டு. அழுவார், அல்லது உன்னோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு வாரம் வாசலுக்கே வராமல் இருக்கலாம். நீ போய்க்கொண்டே இரு. அப்புறம் வருவார், திட்டுவார். திட்டு வாங்கிக்கொள், எனக்கு அந்த வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை.

புத்தகப் பட்டியல் கேட்டிருந்தாய் இல்லையா. அவர் பெயர் என்ன, எந்த ஊர், வாசலில் உட்கார்ந்து எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரிந்துகொண்டு எழுது, அனுப்புகிறேன்.