சண்டை போடும் சிக்லிட் தொட்டியில் இன்னும் பத்து மீன் விடலாமா?

கேள்வி: சென்னை வியாசர்பாடியில் இருக்கிறேன். 3 அடித் தொட்டியில் சிக்லிட் குடும்பத்து மீன்களான ஒரு ஃப்ளவர்ஹார்ன், ஒரு ஆஸ்கார், நான்கு ஆப்பிரிக்கன் சிக்லிட் இருக்கின்றன. ஓயாத சண்டை, ஆஸ்காருக்கு வால் கிழிந்துவிட்டது. இன்னும் பத்து மீன் விட்டால் அடங்கிவிடும் என்கிறார் கடைக்காரர். விடலாமா?

பதில்: வேண்டாம். கடையில் தேங்கிய சரக்கு தீரும், சண்டை தீராது.

3 அடித் தொட்டி என்றால் பெரும்பாலும் ஒரு அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை நிரப்பினாலும் 127 லிட்டர். ஆஸ்கார் ஒரு அடி வளரும். பிறகு திரும்பக்கூட இடமிருக்காது. ஃப்ளவர்ஹார்னோ முழுத் தொட்டியும் தன்னுடையது என்று நினைக்கிற கலப்பின மீன். அதைத் தனியாகத்தான் வைக்க வேண்டும்.

"குட்டியிலிருந்தே சேர்ந்து வளர்ந்தா சண்டை வராது சார்." கொளத்தூர் பக்கம் எத்தனை கடையில் இதைக் கேட்டிருப்பேன்! இரண்டு அங்குலக் குட்டிக்கு எல்லை பிடிக்கிற புத்தி முழுதாக வந்திருக்காது. முதிர்ந்ததும் ஆரம்பிக்கும். அப்போது பில்லும் இருக்காது, கடைக்காரருக்கு உங்கள் முகமும் நினைவிருக்காது. 2017இல் மத்திய அரசு அலங்கார மீன் கடைகளுக்கென்று விதிகள் போட்டது, பிறகு தானே திரும்பப் பெற்றது. யாரைப் போய்க் கேட்பது?

கூட்டம் சேர்க்கிற வித்தை முழுப் பொய்யும் இல்லை, அதுதான் தொல்லை. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறை நடுவே வாழும் சிக்லிட் மீன்களான ம்பூனாவுக்கு அது பலிக்கும்: நிறைய இருந்தால் ஒன்றையே துரத்திக் கொல்ல முடியாது. ஆனால் அவை மட்டும்தான் இருக்க வேண்டும், ஏறக்குறைய ஒரே அளவில். தொட்டி 4 அடிக்குக் குறையக் கூடாது. ஆண் ஒன்றுக்குப் பெண் மூன்று, ஒளிய நிறையக் கல், இரண்டு ஃபில்டர், வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம். இதில் ஒன்றைக் கடைக்காரர் சொன்னாரா? நம் பக்கத்துக் கடினமான போர்வெல் தண்ணீர்கூட ம்பூனாவுக்கு ஒத்துப்போகும். அமேசான் ஆஸ்காரை மட்டும் நடுவில் விடாதீர்கள்.

இன்றைக்கே ஃப்ளவர்ஹார்னை எடுத்துவிடுங்கள். ஏர் பம்பு போட்ட பிளாஸ்டிக் டிரம் சில நாளுக்குப் போதும். ஆஸ்காரையும் அதேபோல் இன்னொரு டிரம்மில் விட்டு, லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு கரைத்துவிடுங்கள். தினம் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். மெட்ரோ குழாய்த் தண்ணீர் என்றால், குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்து விட்டபிறகுதான். அடிவரை அழுகாத வால் வளர்ந்துவிடும்.

"பெரிசானா நானே எடுத்துக்கறேன்" என்று வரும் புரோக்கரிடம் விலையை முதலிலேயே பேசுங்கள். யாரும் எடுக்கவில்லை என்று ரெட்டேரியில் விட்டுவிடாதீர்கள். அங்குள்ள நாட்டு மீன்களைத் தின்னும்.

ஆஸ்காரா, ஆப்பிரிக்கனா, எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்? தொட்டியின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள்.