ஆறு பேரும் வெள்ளிக்கிழமையைத் தாண்ட வேண்டும்

கேள்வி: வட கரோலினாவில் இருக்கிறேன். கிரிக்கெட்டில் ஃபேன்டசி டீம் போட்டுப் பழக்கம் உண்டு. ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து 2025 மாஸ்டர்ஸ் கோல்ஃபுக்கு ட்ராஃப்ட்கிங்ஸ் ஃபேன்டசி தளத்தில் டீம் போட்டேன். ஸ்காட்டி ஷெஃப்ளரை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சக் காசில் விலை குறைந்த ஐந்து பேரைப் பிடித்தேன். ஷெஃப்ளர் 4-வது இடத்தில் முடித்தார், ஆனால் மற்ற ஐந்து பேரில் நாலு பேர் வெள்ளிக்கிழமையே மூட்டை கட்டிவிட்டார்கள். குழுவில் நான்தான் கடைசி. வீரர்களை எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: உங்கள் டீமில் நடந்ததையே முதலில் பார்த்துவிடுவோம், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. கிரிக்கெட் ஃபேன்டசியில் கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி கிடைக்கும், ஒருவர் டக் அவுட் ஆனாலும் இரண்டு கேட்ச் பிடித்துக் கொஞ்சம் ஈடு கட்டுவார். கோல்ஃபில் இது இரண்டும் கிடையாது. ஆறு பேருக்கும் ஒரே எடை, நாலு நாள் ஆட்டம், இரண்டாம் நாள் முடிவில் கட், அதாவது பின்தங்கியவர்களை வெளியேற்றும் எல்லை. கட்டைத் தாண்டாதவர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உங்களுக்கு ஒரு புள்ளி கூடத் தர மாட்டார். நாலு பேர் போய்விட்டால் ஆறு பேர் வேலையை இரண்டு பேர் செய்கிற மாதிரி ஆகிவிடும், ஷெஃப்ளரே ஜெயித்திருந்தாலும் அதைத் தூக்கி நிறுத்த முடியாது.

கணக்கைப் பாருங்கள். கையில் இருப்பது 50,000 டாலர் (நிஜக் காசு இல்லை, டீம் போட மட்டும்), ஆறு பேர், சராசரியாக ஒருவருக்கு 8,333. ஒரே ஆளுக்கு 13,000 கொடுத்தால் மிச்சம் 37,000, ஐந்து பேருக்குத் தலைக்கு 7,400. அந்த விலையில் வருகிறவர் கட் தாண்டுவாரா மாட்டாரா என்பது பல போட்டிகளில் நாணயம் சுண்டுகிற மாதிரிதான். பெரிய ஆளுக்கு நூற்றுக்கு 90, மற்ற ஐந்து பேருக்கும் தலா 50 என்று வைத்துப் பெருக்கினால், ஆறு பேரும் தாண்டுவது நூறு தடவையில் மூன்று தடவை கூட இல்லை. அதற்குப் பதிலாக ஆறு பேரையும் 75 சதவீத ஆட்களாகப் பிடித்தால் அது கிட்டத்தட்ட 18 தடவை. உதாரண எண்கள்தான், ஆனால் இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டவர்கள்தான் வாரா வாரம் மேலே நிற்கிறார்கள்.

இன்னொன்று, கட் எல்லாப் போட்டியிலும் ஒன்றில்லை. வழக்கமான பிஜிஏ டூர் (அமெரிக்காவின் முக்கியத் தொழில்முறைத் தொடர்) போட்டியில் முதல் 65 பேரும் சம ஸ்கோரில் இருப்பவர்களும் தாண்டுவார்கள், யுஎஸ் ஓப்பனில் 60, பிரிட்டனின் தி ஓப்பனிலும் பிஜிஏ சாம்பியன்ஷிப்பிலும் 70, மாஸ்டர்ஸில் 50. மாஸ்டர்ஸ் கடினம் போலத் தெரியும், ஆனால் அங்கே வருகிறவர்களே சுமார் 95 பேர்தான், அதிலும் பழைய சாம்பியன்கள் வயதான பிறகும் வந்து ஆடுவார்கள் (பெர்ன்ஹார்ட் லாங்கர் 2025-இல் தன் 67-வது வயதில் ஆடினார்), சில அமெச்சூர்களும் உண்டு. அவர்களைக் கழித்துவிட்டால் நல்ல ஆட்டக்காரர்களில் பாதிக்கும் மேல் கட்டைத் தாண்டிவிடுவார்கள். அதனால் மாஸ்டர்ஸ் நடக்கும் ஆகஸ்டாவில் நாலு பேரை இழந்தீர்கள் என்றால், பட்டியலின் அடிப்பகுதிக்கு ரொம்பவே இறங்கிப் போயிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கட் இல்லாத சிக்னேச்சர் போட்டிகளும் (முன்னணி வீரர்கள் மட்டும் ஆடும் பிஜிஏ டூர் போட்டிகள்) இருக்கின்றன, அந்த வாரங்களில் உங்கள் பழைய டீம் மாதிரியே போடலாம், தப்பில்லை.

சரி, யாரை எடுப்பது? அதற்கு முன் புள்ளி எப்படி விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், நிறைய பேர் இதைப் படிக்காமலே டீம் போடுகிறார்கள். ஒரு குழிக்கு இத்தனை ஸ்ட்ரோக் (அடி) என்று வைத்த கணக்குதான் பார், அதைவிட ஒன்று குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. ட்ராஃப்ட்கிங்ஸில் பேர்டிக்கு 3, ஈகிளுக்கு 8, பாருக்கு அரைப் புள்ளி. போகி போட்டால் அரைப் புள்ளி குறையும், டபுள் போகிக்கு 1 குறையும், அவ்வளவுதான். இரண்டு பேர் ஒரே நாளில் 72 அடிக்கிறார்கள் என்று வையுங்கள், பார் 72 மைதானம். ஒருவர் 18 குழியிலும் பார்: 9 புள்ளி, போகியே இல்லாத சுற்றுக்கு 3 போனஸ், ஆக 12. இன்னொருவர் 6 பேர்டி, 6 போகி, 6 பார்: 18-இல் 3 கழித்து 3 கூட்டினால் 18. ஸ்கோர் கார்டில் இரண்டும் ஒன்று, நமக்கு ஆறு புள்ளி வித்தியாசம். ரோரி மெக்கில்ராய் அந்த 2025 மாஸ்டர்ஸில் நாலு டபுள் போகி போட்டும் ஜெயித்தார், நிஜ ஆட்டத்தில் அது எட்டு ஸ்ட்ரோக், ஃபேன்டசியில் போனது வெறும் 4 புள்ளி. அதனால் கட் தாண்டும் வாய்ப்பு சமமாக இருக்கிற இரண்டு பேரில், பேர்டி அதிகம் போடுகிற ஆளைத்தான் எடுக்க வேண்டும். அடக்கமாக ஆடி 35-வது இடத்தில் முடிக்கிறவரால் நமக்கு அதிகப் பயன் இல்லை.

இப்போது எண்கள். ஒரே ஒரு எண்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் அப்ரோச் ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட் பாருங்கள், கிரீனை (குழி இருக்கும் புல்பரப்பை) நோக்கி அடிக்கிற அடியில் மற்றவர்களைவிட எத்தனை ஸ்ட்ரோக் மிச்சப்படுத்துகிறார் என்பது அது. கொலம்பியா பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் மார்க் பிராடி உருவாக்கிய கணக்கு இது, 2011-இல் பிஜிஏ டூர் முதலில் புட்டிங்குக்கு (கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டுவதற்கு) எடுத்துக்கொண்டது. எப்படி வேலை செய்கிறது என்றால், ஃபேர்வேயில் (குட்டையாக வெட்டிய நடுப்பாதையில்) 160 கஜத்திலிருந்து ஒரு டூர் வீரர் சராசரியாக மூன்று ஸ்ட்ரோக்கில் முடிப்பார். 8 அடி தூரத்திலிருந்து பந்தைக் குழியில் போட சராசரி 1.5 புட். அந்த 160 கஜத்திலிருந்து ஒருவர் 8 அடிக்குள் கொண்டுவந்து நிறுத்தினால், மூன்றிலிருந்து ஒன்றரை போய், அடித்த ஒரு ஸ்ட்ரோக்கும் போய், அரை ஸ்ட்ரோக் லாபம். அந்த லாபம் முழுக்க அயர்ன் (கிரீனை நோக்கி அடிக்கும் மட்டை) அடித்த கைக்குச் சேரும், புட்டிங் கணக்கில் கலக்காது.

இது ஏன் முக்கியம்? முன்னணி வீரர்கள் மற்றவர்களைவிட மேலே நிற்பதில் சுமார் 40 சதவீதம் அப்ரோச்சிலிருந்து வருகிறது, புட்டிங்கிலிருந்து வருவது சுமார் 15 சதவீதம் என்று பிராடி காட்டினார். அதைவிடப் பெரிய விஷயம், புட்டிங் ஒரு வாரம் நெருப்பாக இருக்கும், அடுத்த வாரம் காணாமல் போகும். போன வாரம் ஒருவர் 3-வதாக வந்தாரே என்று எடுக்கப் போகிறீர்களா, அந்த 3-வது இடம் எதிலிருந்து வந்தது என்று திறந்து பாருங்கள். அயர்னிலும் டீயிலும் (குழியின் முதல் அடியிலும்) லாபம் பார்த்து வந்திருந்தால் எடுங்கள். 30 அடி புட்டுகள் நாலைந்து உள்ளே போனதால் வந்திருந்தால் விட்டுவிடுங்கள், அவர் விலை ஏறியிருக்கும், எல்லோரும் அவரைத்தான் எடுப்பார்கள். மாறாக, அயர்ன் நன்றாக இருந்தும் புட்டிங் கைவிட்டதால் கட்டைத் தாண்டாமல் போனவர் இருக்கிறாரே, விலை இறங்கியிருக்கும் அவர்தான் நான் தேடுகிற ஆள். ஒரு வாரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், கடைசி 24 சுற்று, முடிந்தால் 36 சுற்று பாருங்கள். பிஜிஏ டூருக்குப் போட்டியான லிவ் லீகில் ஆடுகிறவர்களுக்கு இந்த எண்கள் பிஜிஏ டூர் தளத்தில் கிடைக்காது, அதனாலேயே பலர் அவர்களைத் தொடாமல் விடுகிறார்கள். அந்த மாஸ்டர்ஸில் 3-வதாக வந்த பேட்ரிக் ரீட் அப்போது லிவ் ஆள்தான்.

அப்புறம் பந்தய நிறுவனங்களின் விலை. நீங்கள் பந்தயம் கட்ட வேண்டாம், பார்த்தால் போதும். "கட் தாண்டுவார்" என்பதற்கு ஒருவருக்கு மைனஸ் 250 (100 டாலர் லாபம் பார்க்க 250 கட்ட வேண்டும்) போட்டிருந்தால், 250-ஐ 350-ஆல் வகுங்கள், 71 சதவீதம் வரும் (நிறுவனத்தின் லாபமும் அதற்குள் இருப்பதால் நிஜம் கொஞ்சம் குறைவு). ட்ராஃப்ட்கிங்ஸ் வார ஆரம்பத்தில் வைக்கிற விலை அப்படியே நிற்கும், பந்தய விலை புதன் இரவு வரை நகர்ந்துகொண்டே இருக்கும். 7,600 டாலர் ஆளுக்கு 8,400 டாலர் ஆளின் பந்தய விலை வந்துவிட்டால் அங்கே 800 டாலர் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

மைதானத்தைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசுவார்கள், எனக்கு அதில் ஓரளவுதான் நம்பிக்கை. டோரி பைன்ஸ் தெற்கு மைதானம் மாதிரி 7,700 கஜத்துக்கு மேல் நீளும் இடத்தில் தூரம் அடிக்கிறவருக்குச் சாதகம், ஹார்பர் டவுனில் மரங்கள் நெருக்கும், கிரீன் சின்னது, அங்கே துல்லியம்தான் பேசும். இவ்வளவு தெளிவாக இருந்தால் கணக்கில் எடுங்கள். ஆகஸ்டா மட்டும் தனி ரகம், வருடா வருடம் அதே மைதானம், எந்தச் சரிவில் பந்து எந்தப் பக்கம் ஓடும் என்பது ஆடிப் பழகினால்தான் தெரியும். 1979-இல் ஃபஸி ஸோலர் ஜெயித்த பிறகு 2025 வரை, முதல் தடவை வந்த யாரும் அங்கே ஜெயித்ததில்லை. அங்கே அனுபவத்துக்குக் காசு கொடுக்கலாம். மற்ற இடங்களில், மூன்று வருடத்துக்கு முன் இங்கே 6-வதாக வந்தார் என்பதற்காக இப்போது அயர்ன் சரியில்லாத ஆளை எடுக்காதீர்கள்.

மனசுக்குப் பிடித்தவர் விஷயமும் சொல்ல வேண்டும். சாஹித் தீகலா, அக்‌ஷய் பாட்டியா இரண்டு பேரும் இந்திய வம்சாவளி, டூரில் ஜெயித்தவர்கள், பட்டியலில் பெயரைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகும். எனக்கும் போகும். எண்ணும் விலையும் சரியாக இருக்கிற வாரம் தாராளமாக எடுங்கள், இல்லாத வாரம் டிவியில் பார்த்துக் கைதட்டுவோம்.

டீமைத் திங்கட்கிழமை போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். ஒரு தடவை நான் அப்படிச் செய்தேன், புதன் இரவு ஒருவர் முதுகுவலி என்று விலகிவிட்டார், வியாழன் காலை எழுந்து போனைத் திறந்தால் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம், போட்டி தொடங்கிவிட்டதால் மாற்றவும் வழி இல்லை. ஐந்து பேரோடு நாலு நாள் உட்கார்ந்திருந்தது இன்னும் உறுத்துகிறது. புதன் இரவு படுக்கும் முன் ஆறு பெயரையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள், கூடவே காற்று நிலவரமும். பாதிப் பேர் வியாழன் காலை, வெள்ளி மதியம் ஆடுவார்கள், மீதிப் பாதி வியாழன் மதியம், வெள்ளி காலை. தி ஓப்பன் நடக்கிற கடலோர மைதானங்களில் வியாழன் மதியம் மட்டும் காற்று வீசினால் ஒரு பாதிக்கே இரண்டு மூன்று ஸ்ட்ரோக் அடி விழும். முன்னறிவிப்பு அவ்வளவு தெளிவாக இருந்தால் ஆறில் நாலைந்து பேரை நல்ல பக்கத்திலிருந்தே எடுங்கள்.

காசு பற்றியும் ஒரு வார்த்தை. பாதிப் பேர் ஜெயிக்கும் போட்டியில் 10 டாலர் கட்டினால் பொதுவாக 18 டாலர்தான் கிடைக்கும், 20 இல்லை. அதாவது நூற்றுக்கு 56 தடவை ஜெயித்தால்தான் கைக்காசு போகாமல் இருக்கும். நான் இதுவரை சொன்னதெல்லாம் இந்த மாதிரிப் போட்டிக்கும் உங்கள் ஆபீஸ் குழுவுக்கும் பொருந்தும். ஆயிரக்கணக்கானோர் மோதி முதல் இடத்துக்கே பெரும்பங்கு போகிற போட்டியில், பலர் எடுக்காத ஒன்றிரண்டு பேரைத் துணிந்து எடுக்க வேண்டியிருக்கும், அங்கே தோற்கிற வாரங்கள்தான் அதிகம், போனால் வருத்தமில்லாத தொகையை மட்டும் போடுங்கள். அமெரிக்காவில் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில இடங்களில் 21 வயது ஆகியிருக்க வேண்டும். இந்தியாவில் இதைப் படிக்கிறவர்கள் கவனிக்கவும், 2025-இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டப்படி அங்கே காசு கட்டி ஆடும் ஃபேன்டசிக்குத் தடை இருக்கிறது, இலவசப் போட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த டீமை இப்படிப் போட்டுப் பாருங்கள்: 9,500-ஐ ஒட்டி இரண்டு பேர், 8,000-த்துச் சொச்சத்தில் இரண்டு பேர், 7,500-க்குக் கீழே விலை குறைந்தவர்களில் உங்களுக்கு மிக நம்பிக்கையான இரண்டு பேர். கடைசியில் 300, 400 டாலர் மிஞ்சினால் மிஞ்சட்டும், அதைச் செலவழிக்க வேண்டும் என்பதற்காக நன்றாக அயர்ன் அடிக்கிற ஒருவரை நீக்கிவிட்டு வேறு ஆளைப் போடாதீர்கள்.