கன்றைப் பறிகொடுத்த சகோதரிக்கு: கம்பி வேண்டாம், கொட்டிலைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கிறோம். நான் கொழுந்து எடுக்கிறேன். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் இரண்டு பசு, ஐந்து ஆடு, கொஞ்சம் மரக்கறித் தோட்டம் உண்டு. போன வாரம் இரவில் ஒரு மாதக் கன்றைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. கயிறு அறுந்து கிடந்தது. மறுநாள் மேல் மலையில் பாதி உடலைக் கண்டோம். போன மாதம் நாயும் காணாமல் போனது. பிரேக் கம்பியில் சுருக்குப் போடச் சொல்கிறார்கள் சிலர். மிச்ச இறைச்சியில் விஷ மருந்து ஊற்றச் சொல்கிறார்கள் சிலர். விடியற்காலையில் மலைக்குப் போகவே பயமாக இருக்கிறது. கொட்டிலின் படத்தை அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, நாள் முழுக்கக் கொழுந்துக் கூடையைச் சுமந்துவிட்டு, மாலையில் புல்லுக்கட்டையும் சுமந்து வந்து வளர்க்கிற மாட்டின் கன்று அது. உங்கள் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் கம்பியும் மருந்தும் வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கொட்டிலைப் பார்ப்போம், ஏனென்றால் இன்று இரவும் ஆடுகள் அதற்குள்தான் படுக்கப்போகின்றன.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பலகைச் சுவர் நெஞ்சளவு உயரம். அதற்கு மேல் தகரக் கூரை வரை ஒன்றரை அடி வெறும் இடைவெளி. கதவுப் பக்கத்து மூலையில் பலகையின் மேல் விளிம்பில் நான்கு கீறல்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன. அது ஏறி இறங்கிய வழி அதுதான். இலங்கைச் சிறுத்தையில் ஆண் சராசரியாக 56 கிலோவும் பெண் 29 கிலோவும் இருக்கும். நெஞ்சளவுச் சுவர் அதற்கு ஒரு படி மாதிரி. ஒரு மாதக் கன்றைத் தொண்டையில் கவ்விக்கொண்டு திரும்பவும் ஏறிவிடும்.

அந்த இடைவெளியை மூடுங்கள், ஆனால் பொலித்தீனால் மூடாதீர்கள். பயத்தில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். மூத்திர ஆவி உள்ளேயே நின்று, பனிக் குளிரும் சேர்ந்து, கன்றுக்குச் சளி பிடித்து நெஞ்சடைத்துப் போகிறது. சிறுத்தை தின்ற கன்றுகளைவிட நிமோனியாவில் செத்த கன்றுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். காற்று போக வேண்டும், கை போகக் கூடாது. கோழிவலை போதாது, அதைப் பிய்த்துவிடும். பற்றவைத்த கட்டங்கள் உள்ள இரும்பு வலையை, இரண்டு அங்குலக் கட்டமாகப் பார்த்து வாங்கி, வெளிப்பக்கத்தில் அடியுங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் சவுக்கு அல்லது யூக்கலிப்டஸ் கம்புகளைக் கைப்பருமனில் வெட்டி, மூன்று விரல் இடைவெளியில் நிமிர்த்தி ஆணி அடியுங்கள். கதவு வெளியே திறப்பதாக இருக்கட்டும். அப்போதுதான் வெளியிலிருந்து தள்ளினால் நிலையில் போய் முட்டி நிற்கும். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள். கூரைத் தகரத்தின் ஓரத்தையும் ஆட்டிப் பாருங்கள். கல் வைத்து அமர்த்திய தகரம் தகரமே அல்ல. ஆடுகளுக்குப் பரண் போட்டிருப்பது நல்லது, ஆனால் பரணுக்கு அடியிலும் வழி இருக்கக் கூடாது.

கன்று ஈனும்போது விழுகிற நஞ்சுக்கொடியைத் தேயிலைக்குள் வீசும் பழக்கம் பல லயங்களில் உண்டு. மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். செத்த கோழியும் அப்படித்தான். அந்த வாடைக்கு முதலில் நாய் வரும், நாயின் பின்னால் சிறுத்தை வரும். காவலுக்கு என்று நாயை வெளியில் சங்கிலியில் கட்டுவது சிறுத்தைக்கு இரை கட்டுவது போலத்தான். உங்கள் நாய் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இனி ஒரு குட்டி வளர்த்தால் இரவில் உள்ளே படுக்கட்டும், சத்தம் கேட்டால் உள்ளிருந்தே குரைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை ஏதாவது செத்துக் கிடந்தால், சிறுத்தை என்று முடிவு கட்டும் முன் தொண்டையைப் பாருங்கள். சிறுத்தை என்றால் பல் ஆழமாக இறங்கிய துளைகள் அங்கே இருக்கும், பெரும்பாலும் ஒரே ஒரு பிராணிதான் செத்திருக்கும். பின்தொடை, வால், காது எல்லாம் கடிபட்டு இரண்டு மூன்று ஆடுகள் விழுந்திருந்தால் அது நாய்க்கூட்டம். சேற்றில் நகம் பதிந்த தடமும் நாயுடையதுதான். சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். கடிபட்ட ஆடு உயிரோடு இருந்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். நாய்க்கடியில் விசர்நோய்ப் பயம் உண்டு.

இனி கம்பிக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் மாட்டுக்கு ஊசி போடப் போன ஒரு தோட்டத்தில், பன்றிக்குப் போட்ட பிரேக் கம்பியில் இடுப்பு சிக்கிய சிறுத்தையைப் பார்த்தேன். சுற்றியிருந்த தேயிலைச் செடிகளில் பட்டை உரிந்து, வாதுகள் கடிபட்டு வெள்ளையாகத் தெரிந்தன. மண் வட்டமாக உழுதது போல் கிடந்தது. அது உறுமி உறுமி ஓய்ந்துபோய், மரம் அறுக்கும் சத்தம் மாதிரி மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்கக் கிட்டப் போன ஓர் இளைஞன் மீது, கம்பி ஒரு முழம் இளகியதும் பாய்ந்தது. தோள் கிழிந்துவிட்டது. அதுவரை அந்தத் தோட்டத்தில் அது ஒருவரையும் தொட்டதில்லை. மயக்க ஊசியோடு ஆட்கள் வந்து அவிழ்த்துக் கொண்டுபோனார்கள், இரண்டு நாளில் செத்துப்போனது. வெளியில் சிறு காயமாகத் தெரியும், உள்ளே குடலும் சிறுநீரகமும் நசுங்கியிருக்கும். 2020 மே 26 அன்று நல்லதண்ணிப் பக்கம் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தையும் உடவளவையில் சிகிச்சை கொடுத்தும் மே 29 அன்று இறந்துபோனது. மலைநாட்டில் கருஞ்சிறுத்தையைக் கண்ணால் கண்டவர்களே சிலர்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

கம்பி சிறுத்தையைத் தேடிப் பிடிக்காது. உங்கள் பசுவின் காலும், புல் வெட்டப் போகிற பிள்ளையின் காலும் அதற்கு ஒன்றுதான். மருந்தும் அப்படியே. ஊற்றிய இறைச்சியை நாயும் காகமும் தின்னும். மழை பெய்தால் மிச்சம் ஓடையில் இறங்கி நீங்கள் குடிக்கப் பிடிக்கிற பீலித் தண்ணீரில் வந்து சேரும். இரண்டும் சட்டப்படி குற்றம். சிறுத்தை பாதுகாக்கப்பட்ட விலங்கு. மாட்டிக்கொள்வது நீங்களாகத்தான் இருக்கும், யோசனை சொன்னவர்கள் இருக்க மாட்டார்கள். மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வருகிறது என்றால் பழைய தகரத்தை மண்ணுக்குள் ஓரடி இறக்கி வேலி கட்டுங்கள், ஓரத்துப் புதரை வெட்டி வெளிச்சமாக்குங்கள். பன்றிக் குட்டி, முள்ளம்பன்றி, கேளையாடு எல்லாம் சிறுத்தையின் சாப்பாடு. உங்கள் கிழங்கைக் கிளறுகிறவற்றில் சிலதை அது கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

நம் ஆட்கள் அதைப் புலி என்பார்கள். வரிப்புலியும் சிங்கமும் இலங்கைக் காட்டில் இல்லை. இங்கே சிறுத்தைதான் தலை. சிவனொளிபாதமலைக் காட்டுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் இடையில் காடாக இருந்த இடம்தான் உங்கள் பள்ளத்தாக்கு. காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் அதை வெட்டிய கை நம் பாட்டன் பூட்டன் கை, வெட்டச் சொன்னவர்கள் வேறு ஆட்கள். மிஞ்சியது மலைமுகட்டுக் காடும் ஓடைக்கரையும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அது இரவில் தேயிலைக்குள் நடக்கிறது. கவ்வாத்து வெட்டாமல் காடு மண்டவிட்ட தேயிலை மலைகளில் பகலிலும் படுத்திருக்கும், குட்டியும் போடும். அந்த மலைகளைத் துப்புரவாக வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. அங்கே கொழுந்து எடுக்க உங்களைத் தனியாக அனுப்புவது அநியாயம். தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் ஆளைத் தின்பதற்கென்றே வந்த சிறுத்தை இந்த நாட்டில் மிக அபூர்வம். எல்லோரும் சொல்லும் புணானைச் சிறுத்தை 1924இல் சுடப்பட்டது. அது மட்டக்களப்புப் பக்கம். மலைநாட்டில் கொழுந்து எடுக்கும் பெண்கள் காயப்படுவது பெரும்பாலும் செடிக்குள் படுத்திருப்பதன் மேலேயே போய் நிற்பதால்தான். நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள். நிரையில் இறங்கும் முன் கூடையைத் தட்டி, உரக்கப் பேசி, ஐந்து நிமிடம் கொடுங்கள். அது விலகிவிடும். எதிரே கண்டால் ஓடாதீர்கள், முதுகு காட்டாதீர்கள், பார்த்தபடியே பின்னால் வாருங்கள். குட்டியைக் கண்டால் தொடாமல் அந்த மலையைவிட்டு எல்லோரும் இறங்கிவிடுங்கள், இரவில் தாய் வந்து எடுத்துப்போகும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற அவசர இலக்கத்தை லயத்துச் சுவரில் எழுதிவையுங்கள்.

மேல் மலையில் கிடக்கும் மிச்சத்தைப் படம் எடுத்து, கிராம சேவகருக்கும் கால்நடை வைத்தியருக்கும் காட்டிவிட்டு, பகலில் பத்துப் பேராகப் போய் ஆழமாகப் புதையுங்கள். மற்றப் பசு சினையாக இருந்தால் கமநலக் காப்புறுதிச் சபையில் மாட்டுக் காப்புறுதி பற்றி இப்போதே விசாரியுங்கள். காட்டு விலங்கால் வரும் இழப்பும் அதில் அடங்குமா என்று கட்டாயம் கேளுங்கள்.

வலை அடித்ததும் இன்னொரு படம் அனுப்புங்கள். கதவைச் சாத்தி, உள்ளே விளக்கை வைத்து, இரவில் வெளியே நின்று எடுங்கள். வெளிச்சம் எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று பார்த்து, எதை இன்னும் அடைக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.