அந்தக் காலத்து வேட்டை வில்லை ஒரே கட்டையில் நாமே செய்ய முடியுமா? என்ன மரம், எத்தனை நாள்?

முடியும். இரண்டு வில்லை உடைத்துவிட்டு மூன்றாவதை வீட்டில் மாட்டி வைத்திருக்கிறேன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன். முதல் வில்லுக்கு மரத்தை மறந்துவிட்டுக் கல்மூங்கில் எடுங்கள். மூங்கில் வெட்டிய நாளிலிருந்து அம்பு விடும் நாள் வரை நாலு மாதம் பிடிக்கும். அதில் கை வேலை பத்து நாள்கூட வராது. மிச்சமெல்லாம் பரணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான்.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்ததற்குக் காரணம் எங்கள் குலசாமி. செங்கம் பக்கத்தில் வேடியப்பன். 1989-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது செங்கம் திருவண்ணாமலையோடு போய்விட்டது, நாங்கள் வேலூரில் தங்கிவிட்டோம். வீட்டில் பெரியவர்கள் இன்னமும் எல்லாவற்றையும் வட ஆற்காடு என்றுதான் சொல்வார்கள். அந்தப் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுகிற கற்களில் பல, பழைய நடுகற்கள். மாட்டு மந்தையைக் கவரும் சண்டையில் செத்தவனுக்கு நட்டது. இடது கையில் வில், வலது கையில் குறுவாள். எங்கள் கல்லில் எண்ணெயும் மஞ்சளும் ஏறி ஏறி முகமே தெரியாது. ஆனால் வில்லை விரலால் தடவினால் தெரியும். பிடியில் தடியாக இருந்து நுனிக்குப் போகப் போக மெலியும். சின்ன வயதில் பொங்கல் வைக்கப் போகும்போதெல்லாம் தடவிப் பார்ப்பேன். அந்த மெலிவுதான் வில்லின் பாதி சூட்சுமம் என்று தெரிய முப்பது வயது ஆக வேண்டியிருந்தது.

முதல் வில் தேக்கில் செய்தேன். மரக்கடையில் மிஷினில் அறுத்த பலகை, பார்க்க லட்சணமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இழைத்து, மாலையில் நாண் ஏற்றி இழுத்தேன். இருபது அங்குலம்கூட வரவில்லை, பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். மேல் துண்டு போய்க் கூரை ஓட்டில் அடித்தது. எங்கள் தெரு ஆசாரி எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, வில்லு செய்றியா, வெறகு செய்றியா?" என்றார். அப்புறம் துண்டைக் கையில் வாங்கி, ஒடிந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். மரத்தின் நார் பலகையின் நீளத்துக்கு ஓடவே இல்லை. சாய்வாக வந்து விளிம்பில் வெளியேறியிருந்தது. ஒடிந்ததும் அதே சாய்வில்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. வில்லை இழுக்கும்போது எதிரே பார்க்கும் பக்கம் இழுபடுகிறது, நம்மைப் பார்க்கும் பக்கம் நசுங்குகிறது. எதிர்ப்பக்கத்தை முதுகு என்றும், நம் பக்கத்தை வயிறு என்றும் வைத்துக்கொள்வோம். முதுகில் ஓடும் நார் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை அறுபடாமல் இருக்க வேண்டும். மரத்தில் செய்பவர்கள் முதுகை ஒரே ஆண்டு வளையத்தின் வழியே கொண்டுபோவார்கள். ஒரு இடத்தில் உளி ஆழமாக இறங்கி அந்த வளையம் வெட்டுப்பட்டால் அங்கேதான் கிழியும். புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய தலைவலி. மூங்கிலில் அந்தத் தலைவலியே இல்லை. அதன் தோலை ஒட்டித்தான் நார் மிக நெருக்கமாக இருக்கிறது. அதாவது முதுகு தயாராகவே வருகிறது. நாம் கத்தி வைக்க வேண்டியது உள்பக்கம் மட்டும்தான்.

மரத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஆசாரி சொல்வது தடசு. வளைந்து கொடுக்கிற மரம், கோடாலிக் காம்புக்குப் பேர் போனது. பழைய தமிழில் சிலை என்றால் வில், ஒரு மரத்துக்கும் அதே பெயர் உண்டு என்பதை யோசித்தால், நம் ஆட்கள் மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு கறாராக இருந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. ஆனால் தடசு காட்டு மரம். காப்புக் காட்டில் ஒரு குச்சி வெட்டினாலும் வழக்குதான். அதுவும் செம்மரப் பிரச்சினைக்குப் பிறகு, ஜவ்வாது மலை அடிவாரத்தில் கொடுவாளோடு நடக்கிறவனை விறகுக்கு வந்தவன் என்று யாரும் நம்புவதில்லை. மூங்கிலும் அப்படித்தான், காட்டில் கை வைக்காதீர்கள். ஒடுகத்தூர் பக்கம் என் மாமா நிலத்து வேலியோரம் ஒரு புதர் இருந்தது, அதில் எடுத்தேன். மாமா ஒரு கழிக்கு ஒரு சினிமா டிக்கெட் காசு கேட்டார், கொடுத்தேன்.

கழி மூன்று வயதாவது தாண்டியிருக்க வேண்டும். இளசாக இருந்தால் பச்சைத் தோலில் வெள்ளைப் பொடி படிந்து, கணுவில் பாளை ஒட்டிக்கொண்டிருக்கும். முற்றியதில் தோல் மங்கித் திட்டுத் திட்டாகப் படை பிடித்திருக்கும், கத்தியின் முதுகால் தட்டினால் கணீர் என்கும். மழை முடிந்து தையில் வெட்டுவது நல்லது. தேய்பிறையில் வெட்டினால் பூச்சி அரித்து உளுத்துப்போகாது என்பார்கள். நான் தேய்பிறையும் பார்த்தேன், மாமாவின் கிணற்றுத் தொட்டியில் மூன்று வாரம் ஊறவும் போட்டேன். பூச்சிக்குத் தீனி மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துதான், ஊறினால் அது கொஞ்சம் கரைந்து போகும். எது வேலை செய்ததோ, இன்று வரை மாவு கொட்டவில்லை.

ஊறியதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டிய முனைகளில் மெழுகு தடவி, பரணில் நிழலில் போட்டேன். வேலூர் வெயிலை நம்பி மொட்டை மாடியில் போட்டுவிடாதீர்கள். நம் ஊர் வெயில் வடகத்துக்குச் சரி, வில்லுக்கு ஆகாது. முனையிலிருந்து வெடித்துக்கொண்டே வரும். காய்ந்ததா என்று பார்க்க வாரம் ஒருமுறை தராசில் வைத்து எடையைச் சுவரில் குறித்தேன். தொடர்ந்து இரண்டு வாரம் எடை குறையவில்லை என்றால் காய்ந்துவிட்டது.

நீளம் உங்கள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கட்டும், முதல் வில்லைக் குட்டையாகச் செய்வது வம்பு. என்னுடையது 64 அங்குலம். நடுவில் ஒன்றரை அங்குல அகலம், நுனியில் அரை அங்குலம். இழைப்புளியால் உள்சதையை எடுத்து, அப்புறம் அரத்துக்கு மாறி, கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்ட வேண்டும். கணு வரும் இடத்தில் உள்ளே கொஞ்சம் தடிப்பாகவே விடுங்கள். வெளியே கணுவின் மேட்டை மட்டம் செய்யலாமா என்று கை துறுதுறுக்கும். உப்புத்தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனிதான் வேலை. சுவரில் ஒரு கட்டை அடித்து, வில்லின் பிடியை அதில் உட்கார வைத்து, நாணைக் கீழே கட்டிய கப்பி வழியாகக் கயிற்றால் இழுத்து, எட்டி நின்று பார்க்க வேண்டும். பிடிக்கு மேலே உள்ள பாதியும் (மேல் கை) கீழே உள்ள பாதியும் (கீழ்க் கை) ஒரே மாதிரி வளைகின்றனவா? எங்காவது விறைத்து நிற்கிறதா? நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அங்கே மட்டும் நாலு சுரண்டல். திரும்ப மாட்டி இருபது முப்பது தடவை மெதுவாக இழுத்துவிட்டு அப்புறம்தான் பார்க்க வேண்டும், உடனே பார்த்தால் மூங்கில் பொய் சொல்லும். சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டு போனில் படம் எடுத்து ஒப்பிட்டேன், கண்ணைவிட அது நேர்மையானது.

என் இரண்டாவது வில் போனது இந்தக் கட்டத்தில். கீழ்க் கையில் பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி விறைப்பாக இருந்தது. இரவு பத்து மணி, தூக்கக் கலக்கம், நாலு சுரண்டல் சுரண்ட வேண்டிய இடத்தில் நாற்பது சுரண்டினேன். மறுநாள் இழுத்தால் மொத்த வளைவும் அந்த ஒரு இடத்தில்தான், கதவுக் கீல் மாதிரி. கணக்கு இதுதான்: அகலத்தில் பத்தில் ஒரு பங்கு போனால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். தடிமனில் அப்படி இல்லை, தடிமனை மூன்று முறை பெருக்கிய கணக்கில் குறையும். 10 மில்லிமீட்டர் இருந்த இடம் 9 ஆனால் விறைப்பு நூற்றுக்கு 27 போய்விடும். ஒரு மில்லிமீட்டர் என்பது கண்ணாடித் துண்டுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம். கீல் விழுந்த வில்லைக் காப்பாற்ற, மற்ற இடமெல்லாம் அதற்குச் சமமாக இளைக்க வேண்டும். நான் இளைத்து இளைத்து, கடைசியில் அது என் அக்கா மகன் கொலுசுக் கடைப் பையைத் தொங்கவிட்டு விளையாடும் குச்சியாகி, ஒரு நாள் அவன் காலடியில் ஒடிந்தது.

மூன்றாவதுக்கு ஒரு விதி வைத்தேன்: இருட்டினால் வேலை இல்லை. இன்னொன்று, கடைசியில் எவ்வளவு பாரம் (வில்லை முழுதாக இழுக்கத் தேவைப்படும் பலம்) வேண்டுமோ அதற்கு மேல் நடுவில் எப்போதும் இழுப்பதில்லை. பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசைக் கயிற்றில் மாட்டிவிட்டால் தெரிந்துவிடும். வேட்டை வில் என்றால் 18 கிலோ, அதாவது 40 பவுண்டாவது வேண்டும் என்பார்கள். நான் 18 குறி வைத்தேன், 15-இல் வந்து நின்றது. எல்லோருக்கும் அப்படித்தான் குறைந்து நிற்குமாம், ஆசாரி சிரிக்கிறார். வயிற்றுப் பக்கத்தைக் கரி அடுப்பின் மேல் ஒரு சாண் உயரத்தில் காட்டிக் காப்பி நிறம் வரும்வரை வாட்டினேன். அதில் வயிறு இறுகி, நசுங்குவதைத் தாங்கும். வாட்டிய கையோடு வளைக்கக்கூடாது, ஒரு வாரம் காற்றில் கிடந்து கொஞ்சம் ஈரம் திரும்பட்டும்.

நாணுக்கு நைலான் வேண்டாம், ரப்பர் மாதிரி நீளும். ஷூ தைக்கும் மெழுகிட்ட பாலியெஸ்டர் நூல் ஆம்பூரில் சுலபமாகக் கிடைக்கும், தோல் ஊரில் இருப்பதில் நமக்கு இருக்கிற ஒரே அனுகூலம் அதுதான். இரண்டு புரியாகப் பிரித்து, ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கி, இரண்டையும் இடப்பக்கமாகப் பின்னிக்கொண்டே போக வேண்டும். தேங்காய் நார்க் கயிறு திரிக்கத் தெரிந்தால் இது தெரியும். வில்லின் பாரத்தைப் போல நாலைந்து மடங்கு தாங்குகிற அளவுக்கு இழை சேருங்கள். நாண் ஏற்றியதும் பிடிக்கும் நாணுக்கும் இடையே ஒரு முட்டியும் நீட்டிய கட்டைவிரலும் அடங்க வேண்டும். அம்பு இல்லாமல் இழுத்து விடாதீர்கள், அந்த வேகம் முழுக்க வில்லின் மேலேயே விழும். வந்த விருந்தாளி எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான், அதனால் நாண் இறக்கியே மாட்டி வைக்கிறேன்.

வேட்டை வில் என்று கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே வில்லும் அம்பும் பெயரோடு இருக்கின்றன. முயலோ காட்டுப்பன்றியோ, வில்லோடு காட்டுப் பக்கம் போகாதீர்கள். நான் மாமா நிலத்தில் கோணியில் பழந்துணி அடைத்து, பின்னால் வைக்கோல் போரும் மண் கரையும் இருக்கும்படி வைத்து எய்கிறேன். இருபது அடி தூரத்தில் பத்துக்கு ஏழு கோணியில் விழுகிறது. மற்ற மூன்றையும் வைக்கோலில் தேடுவதில்தான் பாதி நேரம் போகிறது. அம்பு தனிக் கதை, வில்லைவிடக் கஷ்டம்; வில்லின் பாரத்துக்கு ஏற்ற அளவு அம்பும் வளைந்து கொடுக்க வேண்டும், விறைப்பு கூடினாலும் குறைந்தாலும் பக்கவாட்டில் போகும். வேறு கேள்வியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.

போன மாதம் ஆசாரி வந்து மூன்றாவது வில்லை இழுத்துப் பார்த்துவிட்டு, பேரனுக்கு நாலடியில் ஒன்று வேண்டும் என்றார். "பைய செய்யி, வெறகு வாணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிளந்த கழி பரணில் கிடக்கிறது. போன ஞாயிறு 410 கிராம், இந்த ஞாயிறு 402. இன்னும் காயவில்லை.