வளவில் பார்த்ததை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

கேள்வி: காரைக்குடிக்கு அருகே ஒரு கலைக் கல்லூரியில் முதுகலைச் சமூகவியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். களப்பணி முடித்து வந்து வகுப்பில் தமிழில் அருமையாகப் பேசுகிறார்கள். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். இல்லாவிட்டால் பொருள் விளங்காத நீண்ட வாக்கியங்கள். ஆய்வேடு கொடுக்க நான்கு மாதமே இருக்கிறது. இலக்கண வகுப்பிலிருந்து தொடங்கலாமா?

பதில்: இலக்கண வகுப்பு வேண்டாம். நானும் தொடக்கத்தில் சில ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். பயிற்சித்தாளில் எல்லாரும் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். ஆய்வேடுகள் மட்டும் மாறவே இல்லை. தமிழில் அருமையாகப் பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்து தொடங்குங்கள்.

உங்கள் மாணவி ஒருத்தி கானாடுகாத்தானில் ஒரு பழைய வளவுக்கு, அதாவது செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் முற்றம் வைத்த பெரிய வீட்டுக்கு, போய் வந்தாள் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் இப்படிச் சொல்வாள்: “அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்களாம். ஆனால் திருமணமானதும் ஒவ்வொருவரையும் வேறு வைத்துவிடுவார்களாம். அடுப்பு வேறு, அரிசி பருப்புக் கணக்கு வேறு. கோயில் கணக்கிலும் தனித்தனிப் புள்ளி.” (மணமான ஆணைத் தனிக் கணக்காக எண்ணும் நகரத்தார் முறைக்குப் புள்ளி என்று பெயர்.) இதையே ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால், இப்பகுதியில் கூட்டுக்குடும்ப முறை நிலவுகிறது என்று பொருள்படும் ஒரு வாக்கியம் தாளில் வந்து நிற்கும். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இருக்காது. ஆனால் அவள் கண்டது அதுவல்லவே. கூரை ஒன்று, அடுப்பு மூன்று. குடும்பம் வேறு, ஒரே மனையில் சேர்ந்து வாழும் கூட்டம் வேறு என்று சமூகவியலாளர் ஏ. எம். ஷா திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். அவள் பார்த்த வீடு அந்த வேறுபாட்டையே கேள்வி கேட்கிறது. ஓர் ஆய்வேட்டுக்குத் தேவையான முழுக் கேள்வியும் கையில் இருந்தது. பாடநூல் ஆங்கிலம் அதை விழுங்கிவிட்டது.

அதனால் முதல் மாதம் தமிழிலேயே எழுத வையுங்கள். வாரம் அரைப் பக்கம் போதும். யார், யாரிடம், என்ன செய்தார், அதை நீ எப்படி அறிந்தாய் என்ற நான்குக்கும் விடை இருக்க வேண்டும். பிறகு அதைச் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஓர் ஆள் எழுவாயாக இருக்கட்டும். தமிழில் ‘வேறு வைத்தார்கள்’ என்றால் வினையின் விகுதியிலேயே செய்தவர்கள் நிற்கிறார்கள். ஆங்கிலத்துக்குப் போனதும் செயப்பாட்டு வினையும் பண்புப் பெயர்களும்தான் கல்விமொழி என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்; மனிதர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை என்று எண்ணி வருந்தாதீர்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் முதுநிலை மாணவர்களுக்கென்றே எழுத்து வகுப்பு நடத்தினார். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களிடமும் அவர் கண்டது இதே நோய்தான்.

அடுத்தது, அந்த ‘இருந்தார்களாம்’. அந்த ‘ஆம்’ விகுதியை நான் பெரிய சொத்தாக நினைக்கிறேன். தானே பார்த்ததற்கு ஒரு வடிவம், பிறர் சொல்லிக் கேட்டதற்கு இன்னொரு வடிவம் என்று பிரித்துப் பேச நம் மாணவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மேற்கோள் காட்டுவதும் முடிவை அளந்து சொல்வதும் இதே திறமைதான். எழுதிய பக்கத்தில் ‘ஆம்’ வந்த இடங்களையெல்லாம் அடிக்கோடிடச் சொல்லுங்கள். அந்த ஒவ்வோர் இடத்திலும் ஆங்கிலத்தில் சொன்னவர் யார் என்பது வந்தாக வேண்டும்: வீட்டு ஆச்சியா, கணக்குப்பிள்ளையா, அச்சான நூலா. சொல்கிறார், வாதிடுகிறார், நினைவுகூர்கிறார், மறுக்கிறார் என்பவற்றுக்கு ஈடான ஐந்தாறு ஆங்கில வினைகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் போதும்.

நீண்ட வாக்கியச் சிக்கலுக்கும் வேர் தமிழில்தான் இருக்கிறது. ‘பர்மாவுக்குப் போய், கடை வைத்து, பணம் சேர்த்து, ஊர் திரும்பி வீடு கட்டினார்’ என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். கடைசியில் வரும் முற்று எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும். ஆங்கில வாக்கியம் அவ்வளவு பாரம் தாங்காது. மூன்று நான்காக உடைக்கத்தான் வேண்டும். பத்தியும் அப்படியே. நம் மாணவர்கள் சான்றுகளை முதலில் அடுக்கி, முடிவைக் கடைசி வரியில் வைக்கிறார்கள். ஆங்கில ஆய்வேட்டைப் படிப்பவர் அதைப் பத்தியின் முதல் வரியில் தேடுகிறார். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: வழக்கம்போல எழுதி முடித்தபின் கடைசி வரியை வெட்டி முதலில் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பத்தி அப்படியே நிமிர்ந்துவிடும்.

சொற்களில் ஓர் எச்சரிக்கை. ‘புள்ளி’யை மொழிபெயர்ப்புக் கருவியிடம் கொடுத்தால், தாளில் வைக்கும் புள்ளி என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ‘குடும்பம்’ என்று மாற்றினாலும் தவறுதான். மணமான மகன் அதே வீட்டில் இருந்தாலும் அவன் தனிப் புள்ளி அல்லவா? புள்ளி, வளவு, இசைபிடிமானம் (நகரத்தார் திருமண ஒப்பந்தம்), மொய் போன்றவற்றை ஒலிபெயர்த்து அப்படியே வைத்துக்கொள்ளட்டும். முதல்முறை வரும்போது இரண்டு வரியில் விளக்கினால் போதும். எழுத்துக்கூட்டல் மட்டும் ஆய்வேடு முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி எடுத்து ஒட்டுவது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளை வகுப்பில் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால் ஓராண்டு தடை. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் பயமுறுத்துவதால் மட்டும் இது நிற்காது. தன் வாக்கியம் கையில் இல்லாதவர்தான் பிறர் வாக்கியத்தைத் தேடுகிறார். நூலைப் படித்ததும் மூடிவைத்துவிட்டு, அந்த ஆசிரியர் சொன்னதைப் பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் சொல்ல வேண்டும். பிறகு ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் போட்டு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் நூலைத் திறந்து சரிபார்க்கலாம்.

திருத்தும்போது தாளைச் சிவப்பாக்கிவிடாதீர்கள். ஒரு வாரம் எழுவாயை மட்டும் பாருங்கள், அடுத்த வாரம் பத்தியின் முதல் வரியை, அதற்கடுத்து மேற்கோள்களை. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘ஏ’, ‘தி’ பிழைகளைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவிடலாம். தமிழில் அப்படி ஒன்று இல்லை. அது கைவர ஆண்டுகள் ஆகும். அதற்காக ஒரு நல்ல ஆய்வு நின்றுவிடக் கூடாது.

வருகிற முதல் வகுப்புக்கு வேறு எதுவும் தயாரிக்க வேண்டாம். ஒரு மாணவரைக் களத்தில் பார்த்ததைத் தமிழில் பேசச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அதைப் போட்டுக் கேட்டு, எல்லாருமாகச் சேர்ந்து ஐந்தே ஐந்து ஆங்கில வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். பேசிய மாணவர் அவற்றைப் படித்துவிட்டு “நான் சொன்னது இதுதான்” என்று ஒப்புக்கொள்ளும்வரை அழித்து எழுதுங்கள். மணி அடித்தாலும் பரவாயில்லை.